தாமோதரன் வாங்கிய டபுள் ஷாக் சைக்கிள்

தாமோதரன் எங்கள் மாம்பழக்கூழ் ஆலையின் லேபில் வேலை பார்த்தவன். கூழின் இனிப்பு, புளிப்பு அளவுகளைப் பார்த்து எழுதுவான். சொந்த ஊர் பிச்சாட்டூர். சித்தூருக்கு வருமுன் மூன்று வருடம் பெங்களூரில் ஒரு கம்பெனியில் செல்போன் சார்ஜர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். அங்கே பக்கத்து மைதானத்தில் பையன்கள் மண்ணைக் குவித்து, அதன் மேல் சைக்கிளை ஓட்டி ஏறி, அந்தரத்தில் பறந்து அடுத்த குவியலில் இறங்குவார்கள். இவனும் கற்றுக்கொண்டான். கல்யாணமானவனுக்குக் கற்றுக்கொள்ள வேறொன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

2009-ல் அவன் எங்களிடம் சேர்ந்தபோது, ரோடு போடத் தோண்டிய மண்ணை ஆலைக்குப் பின்னால் கொட்டிவைத்திருந்தார்கள். தூசி தாங்காமல் நாங்கள் எல்லோரும் திட்டினோம். தாமோதரன் மட்டும் ஒரு மண்வெட்டி வாங்கி வந்து மூன்று மேடுகளைத் திருத்தினான். முதல் மேட்டிலிருந்து இறங்கி, இரண்டாவதில் ஏறி, ஆறடி அகலப் பள்ளத்தைத் தாண்டி மூன்றாவதில் இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டீயோடு உட்கார்ந்து பார்ப்பேன். அந்தரத்தில் இருக்கும் அந்த ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த வருடம் ஏப்ரலில் விழுந்தான். தோளில் காறை எலும்பு முறிந்தது. ஆலைக்கு மாம்பழம் வந்து குவிந்த மாதங்களில் கையைக் கழுத்தில் தொங்கவிட்டு வீட்டில் கிடந்தான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் தாண்டுவது நின்றுபோனது. வேகமாகத்தான் ஏறுவான், விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கைப் பிடித்துவிடுவான். தீபாவளி வரை ஞாயிறு தவறாமல் இதே கதைதான்.

“சைக்கிள் சரியில்லண்ணா. பின்னால ஷாக் இல்ல. எறங்கும்போது முதுகுல அடிக்குது,” என்பான்.

முறிந்தது முதுகா, தோளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சென்னைப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் உள்ள சைக்கிள்தான் இனி என்று முடிவு கட்டினான். அவன் மனைவி வரலட்சுமி ஒரு நிபந்தனை போட்டாள். “ஒரு சைக்கிள்தான். மண்ணுல குதிக்கறதும் அதுலதான், டூட்டிக்குப் போறதும் அதுலதான்.” நியாயமான பேச்சு. ஆனால் அதனால் வேலை இரட்டிப்பானது. திருப்பதியில் பார்த்த டபுள் ஷாக் சைக்கிள் பார்வைக்குத்தான் மிடுக்கு. தூக்கினால் கல்லுரல் கனம், ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் கட்டில். சென்னையில் காட்டிய மலையிறங்கும் சைக்கிளில் ஷாக் ஏகத்துக்கும் அமுங்கியது. ஒவ்வொரு மிதிக்கும் பாதி பலத்தை அதுவே தின்றுவிட்டது. அதில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஆலைக்கு மிதித்தால் வந்து லேபில் தூங்க வேண்டியதுதான்.

அதே கடையில் மூன்றாவது ஒன்று சரியாக வந்தது. குட்டையான சட்டம், நாலு அங்குலமே அமுங்கும் ஷாக், இரண்டு சக்கரத்திலும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். பின் ஷாக்கில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. தார் ரோட்டில் அதைத் திருப்பிவிட்டால் ஷாக் இறுகிவிடும், மண்ணில் திறந்துகொள்ளலாம்.

கடைக்காரர் யோக்கியர். “மேடு தாண்டறவங்க முன்னாடி ஷாக் மட்டும் இருக்கறதைத்தான் எடுப்பாங்க சார். பின்னாடி எதுக்கு?” என்றார்.

“எனக்கு வேணும்,” என்றான் தாமோதரன். பணத்தை எண்ணி வைத்தான்.

வரலட்சுமி நகரிக்காரி. விசைத்தறி வீட்டில் பிறந்தவள். அந்த வீடுகளில் ஆயுத பூஜையன்று தறியின் ஓடும் பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுத் துடைத்த பிறகுதான் பொட்டு வைப்பார்கள். எண்ணெய் காணாத இரும்புக்குப் பொட்டு வைத்தால் அவளுக்கு மனசு ஆறாது. ஞாயிறு காலை தாமோதரன் குளித்துவிட்டு வருவதற்குள் புது சைக்கிளுக்குப் பூஜையை முடித்திருந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடியில் பூச்சரம். சங்கிலிக்குத் தறி எண்ணெய், பெடலுக்கு எண்ணெய், தட்டு போலப் பளபளவென்றிருந்த அந்த இரண்டு டிஸ்க்குக்கும் தாராளமாக எண்ணெய்.

வழியில் பிரேக் வழுக்கியது. புது பிரேக் பழகும்வரை சரியாகப் பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் அவன் பொருட்படுத்தவில்லை. மேட்டுக்கு வந்தான், இறங்கினான், ஏறினான். வழக்கமான இடத்தில் அவன் விரல்கள் பிரேக்கை அழுத்தியதைப் பார்த்தேன். சைக்கிள் நிற்கவில்லை.

அவன் பள்ளத்தைத் தாண்டி, மூன்றாம் மேட்டில் பொத்தென்று இறங்கி, கால்களை மண்ணில் தேய்த்துக்கொண்டே போய் முள்புதரில் நின்றான். நான் ஓடிப் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு டிஸ்க்கைத் தொட்டு விரலை முகர்ந்தான்.

“தறி எண்ணெய்ண்ணா. அவகிட்ட சொல்லிடாத, பாவம்.”

டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். பிரேக் கட்டைகளை மாற்றினான். அடுத்த ஞாயிறு பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஐந்து தடவை ஏறினான். ஐந்து தடவையும் விளிம்பில் நின்றான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் அவன் வீட்டுக்கே போய் வரலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெய் விட்டதற்காக அழுவாள் என்று நினைத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் பக்கம் திரும்பினாள்.

“அப்ப பிரேக் புடிச்சா நீ குதிக்க மாட்டியா?”

தாமோதரன் என்னை முறைத்தான். சோற்றைத் தின்னாமல் எழுந்து போய்விட்டான்.

அதற்கடுத்த ஞாயிறு அவளும் மேட்டுக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். தாமோதரன் முதல் தடவை விளிம்பில் நின்றான். திரும்பி எங்களைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே போனான். இந்தமுறை இறங்கும்போதே விரல்களைப் பிரேக்கிலிருந்து எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி மடக்கிக்கொண்டான். ஏறினான். பறந்தான். இறங்கினான். பிறகு பிரேக்கைப் பிடித்து, எங்கள் முன்னால் வந்து நிதானமாக நின்றான். முகமெல்லாம் மண்.

வரலட்சுமி குனிந்து டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“எண்ணெ இல்லாமயே தாண்டிச்சே,” என்றாள்.