சிஸ்டர் ஏற்றுக்கொண்ட பழி

எங்கள் கல்லூரி மருத்துவ அறையில் சிஸ்டர் பிரஷர் பார்ப்பதை, மருந்து அலமாரிப் பக்கமிருந்து ஒன்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். நான் மருந்தாளுநர். யாரையும் லேசில் மெச்சிவிட மாட்டேன். ஆனால் அந்த அம்மாளைப் பார்த்து நான் வாயடைத்துப்போன நாள் ஒன்று உண்டு.

கப்பல் பயிற்சிக்குத் தேர்வான மாணவி ஒருத்தி, உடல்தகுதிச் சான்றிதழுக்காக மூன்றாவது நாளாக வந்திருந்தாள். முதல் இரண்டு நாளும் பிரஷர் நூற்று ஐம்பது. அன்று நான்கு மணிக்குள் நூற்று முப்பதுக்குக் கீழே வராவிட்டால், அவள் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு. இவளுக்கு எங்கிருந்து வந்தது பிரஷர்?

சிஸ்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதே அவள் மடியில் போன் அதிர்ந்தது. நூற்று ஐம்பத்திரண்டு.

போனை வாங்கி டிராயரில் போட்டார் சிஸ்டர். உள்ளே அது உறுமியது. அவள் கண்ணும் அங்கேயே கிடந்தது. நூற்று நாற்பத்தெட்டு. அணைத்தே வைத்தார். நூற்று ஐம்பத்தாறு.

"என்ன சிஸ்டர், அணைச்சா ஏறுது?" என்றேன், கிண்டலாகத்தான்.

சிஸ்டர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "யாரும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க?"

"எல்லாரும்தான் சிஸ்டர். வகுப்பு குரூப், ப்ராஜெக்ட் குரூப், அம்மா. பார்த்துட்டுப் பதில் போடலன்னா கோவிச்சுக்குவாங்க. பார்க்கவே இல்லன்னா பயந்துக்குவாங்க."

மணி மூன்று இருபது. சிஸ்டர் சற்று யோசித்துவிட்டு, போனை எடுத்து அவளிடமே நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எல்லாருக்கும் எழுது. நர்ஸ் என் போனை வாங்கி வச்சிருக்காங்க, நாலு மணிக்குத்தான் தருவாங்கன்னு. பழி என் மேல இருக்கட்டும்."

பதினோரு இடத்துக்கு அனுப்பினாள். போன் மறுபடி டிராயருக்குள் போனது. அவள் தோள் மெல்லக் கீழே இறங்கியது. அதுவரை அது காதோரம் ஏறிக் கிடந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருபது நிமிடம் அவளைச் சும்மா உட்காரவைத்தார் சிஸ்டர். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. என் அலமாரியில் ஒரு டப்பாகூடத் திறக்கவில்லை.

நூற்று இருபத்திரண்டு.

சிஸ்டரே நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். நூற்று இருபது. அடுத்த அறையிலிருந்து டாக்டர் வந்து, தானும் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது; சொல்ல வெட்கமில்லை.

நான்கு மணிக்குப் போனைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, குடி முழுகிப் போச்சா?" என்றேன்.

"இல்ல சார். பதினோரு இடத்துலயும் 'சரி'ன்னு போட்டிருக்காங்க." போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "அவ்வளவுதான் சார். வெறும் 'சரி'."