கண்ணாடிக் குழாயில் தண்ணீர்

சிட்லபாக்கத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஆசிரியருக்கு, துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் செய்யும் குட்டி நீராவி இன்ஜின் கிட்டைப் பழக்கிவிட்டதே நான்தான். குரோம்பேட்டையில் பள்ளி முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். பித்தளைத் துண்டுகளை வளையாமல் பிரிப்பது எப்படி, எந்தப் பசை எதை ஒட்டும், எல்லாம் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். கடைசியில் இருவரும் ஒரே இன்ஜினை வாங்கி, ஒரே மாதத்தில் ஆரம்பித்தோம்.

வெளிப்பக்கம் யார் செய்தாலும் ஒன்றுபோலத்தான் வரும். டிரைவர் நிற்கும் கேபின்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தீப்பெட்டியில் பாதி இருக்கும் அந்த இடம். கிட்டில் வருவது வெறும் கூடு. உள்ளே இருக்க வேண்டிய கைப்பிடி, குழாய், மீட்டர் எல்லாம் நாமே செய்து வைக்க வேண்டும். நான் வைத்தேன். பளபளவென்று இருந்தது. என் மாமனார் ஒரு காலத்தில் நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லா கீது மாப்ள" என்றார், கல்யாண வீட்டு ரசத்தைச் சொல்வது போல.

அதே மனிதர் எதிர் வீட்டுக் கேபினைப் பாதி வேலையில் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசினார். "கைப்பிடியில கை படற எடத்துல மட்டும் பெயின்ட் தேஞ்சிகீது மாப்ள. மூலையில அழுக்குத் துணி. சோத்துத் தூக்கு கூட மாட்டி வெச்சிகீறாரு. நான் எறங்கி டீ குடிக்கப் போன மாதிரியே கீது."

தோசைக்கு ஒருமுறை, காபிக்கு ஒருமுறை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயித்தெரிச்சல்ல ரெண்டு ஈடு இட்லி வேக வெச்சிடலாம்" என்றாள். பொய்யில்லை.

ஒரு சனிக்கிழமை ஆசிரியர் கூப்பிட்டார். "அடுப்பும் குழாயும் முடிச்சிட்டேன் சார். நாளைக்குப் பெரியவர்கிட்ட காட்டணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறை தேடித்தான் பார்த்தேன். திறந்த அடுப்புக் கதவுக்குள் தணல் ஆரஞ்சும் சிவப்புமாக ஜொலித்தது. அதற்கு மேலே, பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று காட்டும் கண்ணாடிக் குழாய். தூண்டில் நரம்பை வெட்டி அழகாகப் பொருத்தியிருந்தார். ஆனால் அதில் தண்ணீரை வரையவில்லை. அடி முதல் நுனி வரை வெறும் குழாய். கீழே தீ எரிகிறது, பாய்லரில் தண்ணீர் இல்லை. நிஜ இன்ஜின் என்றால் வெடித்துவிடும். ஃபயர்மேனாக இருந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

எனக்குள் சில்லென்று இருந்தது. "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார். அப்படியே காட்டுங்க" என்றேன். அவர் வீட்டுக் காபியை இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் மாமனாரை நானே அழைத்துப் போனேன். லென்ஸோடு குனிந்தவர் நிமிரவே இல்லை.

"தண்ணி எங்க?" என்றார்.

ஆசிரியர் குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினார்.

"கொழாயில தண்ணியே காணோம், கீழ தீ எரிஞ்சுகினு கீது. நான் இந்த இன்ஜின்ல ஏற மாட்டேன் சார்."

இதற்காகத்தானே காத்திருந்தேன். ஆசிரியரின் முகம் சுருங்கிப்போனது. "நேத்து சார் பாத்தாரே" என்றார். "அவர் கண்ணுக்கே தப்பிடுச்சு பாருங்க." அதில் துளி குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாக்கலையா மாப்ள?"

பார்த்தேன் என்றால் கெட்டவன். பார்க்கவில்லை என்றால் ஒன்றும் தெரியாதவன். "கவனிக்கல மாமா" என்றேன்.

மாமனார் மேஜையில் இருந்த மெல்லிய பிரஷை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்ப நீங்களே ஊத்துங்க."

வெளிர் நீலத்தைத் தொட்டு, மூச்சை அடக்கி, குழாயின் பாதி உயரம் வரை ஒரே இழுப்பு. இவ்வளவு நேர்த்தியாக என் இன்ஜினில்கூட நான் கோடு போட்டதில்லை.

மாமனார் மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ம். இப்ப வண்டிய எடுக்கலாம்" என்று சொல்லி ஆசிரியரின் முதுகில் தட்டினார்.

நான் பிரஷைக் கழுவப் போனேன்.