சூப்பு சுமந்தவன் போன வழி

பிரான்சில் வெர்தன் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அன்செல்ம் தீரியோன் எழுதிய போர்ப் புத்தகம் ஒன்றாவது இருக்கும். தபால்காரராக இருந்து எழுத வந்த மனுஷர். முதல் உலகப் போரில் எந்தப் படை எந்த வழியாகப் போனதோ, அந்த வழியில் தானும் சுமையோடு நடந்து பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. ஊருக்கும்தான்.

அந்தப் பெருமைக்கு ஒரு சனிக்கிழமை சந்தையில் அடி விழுந்தது. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் பாலாடைக்கட்டி விற்கிற மார்செலின் வந்து நின்றாள்.

"தொண்ணூறாம் பக்கத்துல, ஜுஸ்தேன் கோல்சோன் துப்பாக்கியை வீசிட்டு ஓடினான்னு எழுதியிருக்கீங்களே, அவர் எங்க தாத்தா."

"படைப்பிரிவு நாட்குறிப்புல அப்படித்தாம்மா இருக்கு. போர்முனைக்கு ரெண்டு கிலோமீட்டர் பின்னாடி கிடந்தார். முதுகுல குண்டு. கையில துப்பாக்கி இல்ல."

"இடுப்புல என்ன இருந்துச்சாம்?"

"பத்து காலிக் குடுவை."

"அவர் பதுங்குகுழியில கிடக்கிறவங்களுக்குச் சூப்பும் ஒயினும் வாங்கிட்டு வர்ற ஆள் ஐயா! அடுப்பு பின்னாடி இருந்தா மனுஷன் முன்னாடியா போவான்? ஒரு நாளாவது நீங்க சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

சந்தையே சிரித்தது. அன்செல்ம் சிரிக்கவில்லை. அந்த ஒரு வழியை மட்டும் அவர் நடக்கவில்லை. ஓடிப்போனவன் வழிதானே என்று விட்டுவிட்டார்.

மறுநாளே, எழுபது வயது முழங்காலோடு கிளம்பிவிட்டார். போகும்போது இடுப்பில் காலிக் குடுவைகள். திரும்பும்போது குடுவை நிறைய ஒயின், தோளில் கயிற்றில் கோத்த ரொட்டிகள். இரண்டாவது மேட்டிலேயே மூச்சு வாங்கியது. இதற்கு மேல் துப்பாக்கியும் தூக்க ஒருவனாலும் ஆகாது.

போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி, நினைவுத் தூண் அருகே மேயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த பதிப்புல திருத்திக்கலாமே. ஊர் முன்னாடி சொன்னா உங்க பேர் என்ன ஆகும்?"

"என் பேர் உசிரோட இருக்கு. அது தன்னைப் பாத்துக்கும்."

தூணில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர், "பிரான்சுக்காக உயிர் விட்டவர்!" என்று பதில் சொன்னது. ஓடிப்போனவன் என்று ஜுஸ்தேன் பேரை மட்டும் தூணில் பொறிக்கவில்லை. கடைசிப் பேர் முடிந்ததும் அன்செல்ம் முன்னால் வந்தார்.

"நடக்காம எழுதிட்டேன். இவர் ஓடல. பசிச்சவங்களுக்குச் சோறு வாங்கப் போனவர். ஜுஸ்தேன் கோல்சோன்!"

மார்செலின் குரல் முதலில் எழுந்தது: "பிரான்சுக்காக உயிர் விட்டவர்!" அடுத்த மூச்சில் ஊரே சொன்னது. கொடி பிடித்திருந்த கிழவர்கள் கொடியைத் தாழ்த்தினார்கள்.

இப்போது தொண்ணூறாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "இந்த வழியை நான் நடந்தேன்."