தாத்தா காசு கொடுத்துக் குடித்த காப்பி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். எங்களுக்கு மட்டும் வீடு போய்விடும். பேரருவிக்குப் போகிற பாதையில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எங்களிடம் வருஷமெல்லாம் வாங்குகிற வாடகையை வீட்டுக்காரர் சீசனுக்கு வருகிறவர்களிடம் ஒரே மாதத்தில் வாங்கிவிடுவார். அதனால் ஆனி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும், அருவி இளைத்த பிறகு திரும்பி வந்துகொள்ளலாம் என்பது பேச்சு. அந்தப் பாதையில் வாடகைக்கு இருந்த எல்லோருக்கும் இதுதான் வழக்கம், யாரும் இதை அநியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

அண்டா குண்டாவையெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றி, அதன் மேலே என்னை உட்காரவைத்து, தென்காசியில் இருந்த தாத்தா வீட்டுக்குப் புறப்படுவோம். ஊரே குற்றாலத்தைப் பார்த்து வரும்போது நாங்கள் மட்டும் எதிரே போவதைப் பெரிய கௌரவம் என்று நினைத்திருந்தேன். தெரிந்த முகம் தென்பட்டால் மகாராணி மாதிரி கையை அசைப்பேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து வருவார்.

அப்பாவைப் பெற்றவர் அந்தத் தாத்தா. மூன்று கட்டு வீடு, இலத்தூர்ப் பக்கம் வயல். வயல் ஒரு காலத்தில் நிறைய இருந்ததாம். அத்தைமார் கல்யாணங்களுக்கும் ஒரு வாய்க்கால் வழக்குக்குமாகப் பாதிக்கு மேல் போய்விட்டது. வயல்தான் போயிற்றே தவிர அவருடைய தாராளம் போகவில்லை. வண்டிக்காரரோ பூக்காரியோ மீதிச் சில்லறையை நீட்டினால், “வச்சுக்கோ” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். அவர் மீதி வாங்கி யாரும் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஏகப் பெருமை. அதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் பலரை மட்டந்தட்டியிருக்கிறேன்.

அப்பா ஒரு மர டிப்போவில் குமாஸ்தா. கல்யாணம் ஆன கையோடு, சம்பளத்தில் பிழைத்துக்கொள்கிறேன் என்று தனிக்குடித்தனம் போனவர். குற்றாலத்துக்குப் போன பிறகுதான் அம்மா காப்பி போடக் கற்றுக்கொண்டாள். கொட்டையை வறுத்து, கைமெஷினில் போட்டு அவள் அரைக்கிற வாசனைக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தாத்தா வீட்டிலோ காலையில் நீராகாரம்தான். காப்பி என்கிற வார்த்தையே அவருக்கு ஆகாது. மகன் உருப்படாமல் போனதற்கு அந்த மெஷின்தான் காரணம் என்பது அவருடைய தீர்மானம்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த வருஷமும் வழக்கம்போல வண்டியில் போய் இறங்கினோம். சாமான்களோடு சாமானாக அம்மா மெஷினைக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டார் தாத்தா.

“காலைல ஒரு காப்பி, சாயந்திரம் ஒரு காப்பி, மேலுக்கு ரெண்டு சட்டை. சம்பளம் இப்படிக் கரைஞ்சா எப்பலே வீடு கட்டுவே? ஊரான் கூரைக்கு வாடகை குடுத்துட்டு, மழைக்கு மட்டும் இங்கன வந்து ஒதுங்குதியே. வெக்கமா இல்ல?”

அப்பா எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பேசினார்.

“நீங்க வித்த வயல்ல ஒரு துண்டு மிஞ்சியிருந்தா நான் ஏம்ப்பா வாடகைக்கு இருக்கேன்? நீங்க நெல்லு வித்துக் கட்டுனிய. நான் வருசம் பூரா எழுதிச் சம்பாரிச்சாலும் ஒரு மனை வாங்கக் காணாது.”

“காப்பிய விடு. காணும்.”

அம்மா மெஷினை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. சொந்த வீடு கட்டிய பிறகுதான் இனி இந்தப் படி ஏறுவேன் என்று சொல்லிவிட்டு, அவிழ்த்த மாட்டை மறுபடி பூட்டச் சொன்னார். தாத்தா தடுக்கவில்லை. தடுக்கிற ஆளுமில்லை. ஒரே நாளில் இரண்டு முறை வண்டிச் சவாரி கிடைத்த சந்தோஷம் எனக்கு.

வண்டி மறுபடி குற்றாலத்து வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஓர் ஆள் படுக்க இடம் கிடைக்காது, சாமானோடு எங்கே போய் நிற்பது? அம்மாதான் இறங்கி, அதுவரை நேருக்கு நேர் பேசியிராத வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினாள்.

“பின்னால உள்ள தொழுவம் சும்மாதானே கெடக்கு அண்ணாச்சி? அதை மட்டும் எங்களுக்கு விடுங்க. முன்கட்டுல வந்திருக்கவுகளுக்கு வேளாவேளைக்குக் காப்பி நான் போட்டுத் தாரேன்.”

முன்கட்டில் தங்க வந்தவர்கள் இறங்கிய நிமிஷத்திலிருந்து காப்பி, காப்பி என்று அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்களாம். உடனே சரி என்றுவிட்டார்.

தொழுவத்தைக் கழுவி மெழுகிக் குடியேறினோம். முன்கட்டுக்காரர்கள் குடித்ததைப் பார்த்து, அருவியிலிருந்து திரும்புகிறவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டுப் பல் கிட்டிக்க வருகிறவனுக்குச் சூடாக எதைக் கொடுத்தாலும் அமிர்தம், அம்மாவின் காப்பியைக் கேட்க வேண்டுமா? பாதையோரம் ஒரு தட்டியைக் கட்டி அடுப்பைப் போடலாம் என்றாள் அம்மா. அப்பா தயங்கினார். பண்ணையார் வீட்டு மருமகள் வழியில் உட்கார்ந்து காப்பி விற்கிறாள் என்று தாத்தா காதில் விழுந்தால் என்ன ஆகும்?

“காப்பியாலதான் வீடு போவுதுன்னு மாமா சொன்னாவல்லா? காப்பியால வீடு வருதான்னு நாம பாப்போம்” என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் டிப்போவுக்குப் புறப்படும் முன் அப்பாவே அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். அம்மாவை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இன்றுவரை கிடையாது. ஆனால் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஈர விறகை ஊதியதற்கும் ஒரு பெருமை உண்டு. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, நானாவது கொடுக்கிறேன். கூவி அழைக்கிற வேலை என்னுடையது. என் தொண்டை அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

ஆடியில் ஒருநாள் அப்படிக் கூவிக்கொண்டிருக்கையில் தாத்தா வந்தார். வருஷாவருஷம் எண்ணெய்க் குளிப்புக்கு வில்வண்டியில் வருகிறவர்தான். வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு, ஈர வேட்டியோடு, தனியாக நடந்து வந்தார். நான் கூவுவதை விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இன்றோடு தட்டியும் போச்சு, வீடும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

தாத்தா அடுப்பைப் பார்த்தார், தம்ளர்களைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட, உட்கார்ந்தார்.

“ஏட்டி, எனக்கும் ஒண்ணு.”

அம்மா தம்ளரை இன்னொரு தரம் கழுவி, காப்பியை ஆற்றி நீட்டினாள். அவர் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். முகம் கஷாயம் குடிக்கிற முகமாகத்தான் இருந்தது. ஆனால் தம்ளரில் சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

“என்ன வெலை?”

“உங்ககிட்டப் போயி வாங்குவமா மாமா” என்றாள் அம்மா.

“ஏன், என் காசு செல்லாதா? எல்லாருக்கும் என்ன வெலையோ அதைச் சொல்லு.”

அரையணா என்று நான்தான் சொன்னேன். தாத்தா மடியை அவிழ்த்து ஒரு நாலணாக் காசை வைத்தார். வைத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சநேரம் கழித்துத்தான் புரிந்தது. மூன்றரையணாவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். தாத்தா அதை ஒன்றொன்றாகப் பார்த்து வாங்கி மடியில் முடிந்துகொண்டார். “சீனி கூடிப்போச்சு” என்றார். போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சொந்த மருமகளிடம் யாராவது காசு கொடுத்துக் காப்பி குடிப்பார்களா? கொடுத்ததுதான் கொடுத்தார், மீதியை “வச்சுக்கோ” என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பூக்காரிக்குச் சொல்கிறவர் எங்களுக்குச் சொல்ல மாட்டாரா? சாயந்திரம் அப்பா வந்ததும் ஓடிப் போய்ப் புகார் சொன்னேன். அப்பா இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டார்.

“மீதி வாங்கினாரா? நெசமாவா?”

“ஒரு காசு விடாம வாங்கினாரு.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பா தட்டிக்கு வெளியே போய்ச் சாரலில் நனைந்துகொண்டு மலையைப் பார்த்து நின்றார். அவருக்கும் என்னைப் போலவே கோபம் என்று எண்ணி, துணைக்கு நானும் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு பல சாரல் காலம் அந்தத் தட்டி இருந்தது. தென்காசியில் மனை வாங்கி, வீடும் கட்டினோம். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு வந்த தாத்தா முதலில் கேட்டது காப்பிதான். பாவம் என்று நினைத்தவர்களிடம்தான் அவர் மீதியை விட்டுவிட்டுப் போவார் என்பது பின்னால் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாரலில் நின்றபோது, என் கவலையெல்லாம் ஒன்றுதான்: தாத்தாவே மீதி வாங்கிவிட்டார், இனிமேல் பள்ளிக்கூடத்தில் நான் எதைச் சொல்லிப் பெருமையடிப்பேன்?