தோளைப் பார்த்துச் சொன்னவள்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் எங்கள் தமிழர் கிரிக்கெட் கழகத்துக்கு நான்தான் டொக்டர். உண்மையில் நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆட்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து எழுப்பி இருத்துவேன். ஆனால் கழகத்தில் யாருக்காவது முழங்கால் வீங்கினால், போய் அக்காவிடம் காட்டு என்பார்கள். வைத்தியரிடம் போவதென்றால் முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும், டேனிஷில் விளங்கப்படுத்த வேண்டும். நான் கார் நிறுத்துகிற இடத்திலேயே பார்த்துவிடுவேன். நான் டொக்டர் இல்லை என்று ஒருநாளும் யாரையும் திருத்தியதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

கிரிக்கெட் என்றால் எனக்குப் பைத்தியம். கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஆண்கள் இரண்டு வரி எழுதினால் நான் இருபது வரி எழுதுவேன். யாரை எடுப்பது, யாரை நிறுத்துவது, நிர்வாகத்தில் யார் இருக்க லாயக்கில்லை, எல்லாவற்றுக்கும் என்னிடம் தீர்ப்பு இருந்தது.

போன கோடையில் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளர் எங்கள் ஊருக்குக் குடிவந்தார். முப்பது வயது, கைக்குழந்தைக்காரன். ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வேலை, அதுவும் கூப்பிட்டால் மட்டும் போகிற விக்கார் வேலை. அவரை எடுப்பதா விடுவதா என்று குழுவில் பெரிய அடிபாடு. முந்தின வருடமே தோள் நொந்தவரை எடுத்து என்ன செய்யப்போகிறோம் என்றார்கள் பாதிப்பேர். அப்படிப் பந்து போட வேறு யார் இருக்கிறார்கள் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் கழகத் தலைவர், அக்கா பார்த்துச் சொல்லட்டும் என்று முடித்துவிட்டார்.

மைதானத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் இல்லத்துக்கு வரும் உடற்பயிற்சிக்காரி செய்வதுபோலக் கையை மேலே தூக்கச் சொன்னேன். காதளவு வந்ததும் அவருடைய முகம் சுருங்கியது. நான் அதைக் கண்டேன். காணவில்லை என்று இன்றுவரை எனக்கே சொல்ல முடியவில்லை.

"ரெண்டு கிழமையில ஸ்கானிங் இருக்கு அக்கா. அதுவரைக்கும் போடாம விடட்டே?" என்று மெல்லக் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை சுற்றுப்போட்டி. இரண்டு வருடமாக ரண்டர்ஸ் ஊர்க் கழகக்காரர் கோப்பையைக் கொண்டுபோய் எங்களைப் பண்ணின பகிடி கொஞ்சநஞ்சமில்லை. "சதைப்பிடிப்புத்தான். போடலாம், நானெல்லே சொல்லுறன்" என்றேன்.

ஒரே நாளில் நாலு ஆட்டம். ஓர் ஆட்டத்தில் ஒருவர் இரண்டு ஓவருக்கு மேல் போடக்கூடாது என்று விதி இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை என்று எந்த விதியும் இல்லை. இறுதியாட்டத்தின் கடைசி ஓவருக்குக் கப்டன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வேறொருவரைக் கூப்பிடவும் பார்த்தார். எல்லைக்கோட்டிலிருந்து அந்தப் புது வேகப்பந்துக்காரரிடமே கொடுக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது நான். மூன்றாவது பந்தோடு அவர் கையை நெஞ்சோடு அணைத்தபடி குந்திவிட்டார். மிச்சத்தை வேறொருவர் போட்டு வென்றோம். கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார்கள். நான் படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வலது தோளில் தசைநார் அறுந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பெட்டி தூக்க முடியாதவரை வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? கூப்பிடவில்லை.

குழு கொதித்தது. அக்கா பார்த்துச் சரி என்ற தோளைக் கப்டன் அளவுக்கு மிஞ்சிப் போடவைத்து நாசமாக்கிவிட்டார் என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். மனுசனை மனுசனாகப் பார்க்கத் தெரியாதவருக்கு எதற்குப் பதவி என்று எழுதினேன். என் கையே அப்படி எழுதியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கப்டன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் விலகிவிட்டார்.

ஒரு நாள் சோறு கறி கட்டிக்கொண்டு, பந்து போட்ட அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். குழந்தையை மனைவி தூக்கி வைத்திருந்தாள். அவரால் தூக்க முடியாது. மனைவி தேத்தண்ணீர் போடப் போன நேரம் பார்த்து அவர் சொன்னார்: "ஸ்கானிங் கதையை நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை அக்கா. நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. யோசியாதேங்கோ."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. வெட்கம்கெட்டவள், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாரியில் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. இனி இப்படி நடக்கக்கூடாது, வீரர்களின் உடம்பைப் பார்க்க நிர்வாகத்தில் ஒருவர் வேண்டும் என்றார் தலைவர். என் பெயரை அவரே சொன்னார். கப்டன் வந்திருக்கவில்லை. சம்மதமானவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். முதலில் எழும்பியது பின்வரிசையிலிருந்த அந்தத் தம்பியின் இடது கை.

"என்ன அக்கா, ஓமோ?" என்றார் தலைவர்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓம்" என்றேன்.