வெந்நீரில் உரிந்த நான்காம் எண்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. கண்ட அளவிலான மகளிர் கால்பந்துச் சாம்பியன்ஷிப்பில், காலிறுதி வரை போன நம் பெண்கள் தோற்றதற்குக் காரணம் ஜெர்சி துவைக்கிற அம்மாளாம். புத்தியில்லாமல் வெந்நீரில் போட்டு அவித்துவிட்டாராம். ஆட்டத்தின் நடுவில் தடுப்பாட்டக்காரியின் முதுகிலிருந்து நான்காம் எண் உரிந்துவிட்டதாம். பெண்கள் ஆட்டத்தை ஆயுளில் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள்தான் இதை நிமிடக் கணக்கோடு சொன்னார்கள்.

அந்த அம்மாளின் கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். அவர் யார் வீட்டுக்காரர் என்று தெரியாமல், லிஃப்டில் ஏறிய ஒருவர் கதையை ஆரம்பித்தார். “யாரோ ஒரு முட்டாள் பொம்பளை, தண்ணிச் சூடுகூடப் பார்க்கத் தெரியல...” மூன்றாம் மாடி கேட்டவர் ஏழாம் மாடியில் இறக்கிவிடப்பட்டார்.

“மூணாவதுன்னு சொன்னேனே?”

“காதுல விழுந்துச்சு சார். படியில இறங்கிப் போங்க. அந்த முட்டாள் எங்க வீட்லதான் இருக்கா.”

வதந்தியைச் சரிபார்க்க நான் செய்த முதல் வேலை, ஒரு பழைய ஜெர்சியை வாங்கி நன்றாகக் கொதித்த தண்ணீரில் போட்டது. எண் ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரி எழும்பியது. ஆக, அந்த மட்டில் வதந்தி உண்மை. வெந்நீரில் போடச் சொன்னது யார் என்பதை மட்டும் ஊர் மறந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் மைதானத்துக்குப் போனேன்.

பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், தலை நிமிர்ந்தால் இடிக்கிற சாய்ந்த கூரைக்குக் கீழே இருக்கிறது சலவை அறை. இரண்டு இயந்திரங்கள், ஒன்று நான்கு வருடமாக ஓடவில்லை, அதன் மேல் இஸ்திரிப்பெட்டி குடியிருக்கிறது. கிழிந்த கோல் வலையை முறுக்கிக் கொடி கட்டியிருக்கிறார் அந்த அம்மாள். பதினான்கு வருடமாக இந்த அறைதான். ஆட்டக்காரப் பெண்களுக்கு அவர் அக்கா. கால்பந்துச் சங்கத்து அதிகாரிகளுக்கு அவர் பெயர் ‘வாஷிங்’. “வாஷிங்கைக் கூப்பிடு” என்பார்கள், ஏதோ மூன்றாவது இயந்திரத்தை அழைப்பது போல.

பெண்களுக்குப் புது ஜெர்சி வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, புறப்பட நான்கு நாள் இருக்கையில் ஆண்கள் அணியின் போன வருடத்து ஜெர்சிகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார் சங்கத்தின் செயலாளர். எல்லாம் ஆறடி ஆட்களின் அளவு. எண்கள் புதிதாக ஒட்டப்பட்டிருந்தன. கோல்கீப்பர் போட்டுப் பார்த்தபோது முழங்கால் தெரியவில்லை.

“வெந்நீர்ல போடு, சுருங்கிடும்” என்றார் செயலாளர்.

“இது பருத்தி இல்ல சார், பாலியஸ்டர். துணி அப்படியே இருக்கும், நம்பர்தான் உரியும்.”

“என் பையன் பனியன் சுருங்கலையா?”

“அது பனியன் சார்.”

“நீ துவைக்க வந்தியா, வாதாட வந்தியா?” என்று இயந்திரத்தின் சூட்டுக் குமிழைக் கடைசி வரை அவரே திருகிவிட்டுப் போனார்.

எண்கள் எழும்பின. துணி ஓர் அங்குலமும் குறையவில்லை. அக்கா ஊசியை எடுத்து எண்களைச் சுற்றித் தைக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. நான்கை மடியில் எடுத்தபோது செயலாளர் வந்து பிடுங்கினார். “டிவில தையல் தெரியும்மா. நாம என்ன பிச்சைக்காரங்களா?” மிச்சத்தை இஸ்திரி போட்டு அழுத்தினால் போதும் என்று உத்தரவு.

காலிறுதி, எழுபத்தொன்றாம் நிமிடம். எதிரணிப் பெண் இழுத்த இழுப்பில் நான்காம் எண் கையோடு வந்தது. எண் இல்லாமல் ஆடக் கூடாது என்று நடுவர் தடுப்பாட்டக்காரியை வெளியே அனுப்பினார். எல்லைக்கோட்டில் அவளை நிற்கவைத்து, முதுகோடு சேர்த்துத் தைக்காத குறையாக, அணியோடு போயிருந்த அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் காவல் காத்த இடத்தின் வழியாகவே பந்து உள்ளே போனது. ஒன்றுக்குச் சைபர்.

மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், இருபத்து மூன்று பெண்கள் முன்னால் செயலாளர் நான்கு வரி வாசித்தார். சலவைப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் தேசத்துக்குத் தலைகுனிவு, வேலையிலிருந்து நிறுத்திவைப்பு. தடுப்பாட்டக்காரி எழுந்தாள்.

“அக்கா அப்பவே வேணாம்னு சொன்னாங்க சார். நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“உட்காரும்மா. அடுத்த முகாமுக்கு வரணுமா, வேணாமா?”

அவள் உட்கார்ந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வயதுப் பெண்ணின் காலை அவள் கனவாலேயே கட்டிப்போடத் தெரிந்த மனிதருக்கு, பாலியஸ்டர் எது பருத்தி எது என்று மட்டும் தெரியவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மூவரும் செயலாளரின் டீயைக் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு சலவைக்கும் ஒரு சீட்டு. தேதி, எத்தனை துணி, எவ்வளவு சூடு, யார் சொன்னது. அன்றைய சீட்டை நீட்டினார். ‘கடைசிச் சூடு. செயலாளர் சொல்லி, அவரே திருகினார்.’

“இது உன் கையெழுத்துதானேம்மா? நீயே எழுதிக்கிட்டா அது சாட்சியா?”

“கீழ பாருங்க சார்.”

கீழே செயலாளரின் கையெழுத்து, வாலும் சுழியுமாக. சோப்புத்தூள் கேட்கும் மனுவோடு சீட்டுகளையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். அவரும் தன் வழக்கப்படி, ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூவரும் மிக ஆழமாக யோசித்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள்: எண் உரிந்ததற்குக் காரணம் ஆட்டம் நடந்த ஊரின் ஈரக்காற்று! செயலாளரின் நாற்காலி அசையவில்லை. அக்காவின் மேல் தவறில்லை என்று நான்கு வரிக் கடிதம், ஒட்டிய உறைக்குள் வைத்து, வீட்டு விலாசத்துக்குத் தபாலில் வந்தது.

“வேலைதான் திரும்பக் கிடைச்சிடுச்சே, விடு” என்றாராம் கணவர்.

“திட்டினது இருபத்து மூணு புள்ளைங்க காதுல விழுந்துச்சு. இது தபால்காரனுக்குக்கூடத் தெரியாது. இதையும் அவங்க முன்னாடி, அதே வாய் வாசிக்கட்டும்.”

அடுத்த முகாமின் முதல் நாள் நானும் போயிருந்தேன். அதே இருபத்து மூன்று பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓரமாக நின்றார். செயலாளர் முக்கால் மணி நேரம் பேசினார். தண்ணீர் பாட்டில் கொடுத்த கம்பெனிக்கு மட்டும் ஆறு நிமிடம். முடித்து இறங்கும்போது அக்கா கடிதத்தை நீட்டினார்.

“நாலு வரிதான் சார்.”

“அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்மா. இப்ப என்ன அவசரம்?”

வரிசையிலிருந்து தடுப்பாட்டக்காரி வெளியே வந்தாள். இந்தத் தடவை யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. “குடுங்கக்கா, நான் வாசிக்கிறேன்.”

“நீ ஏன்டி வாசிக்கணும்? நீயா என்னைத் திட்டினே?”

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காரில் ஏறிவிட்டார். அதன் பிறகு இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. இரண்டுக்கும் அக்கா கடிதத்தோடு போய் நின்றார். வாசிக்க இருபது விநாடி போதும். அந்த இருபது விநாடி இன்னும் பாக்கி.