தங்கச்சி இருக்கிற ஊரில் ஹோட்டல்

எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டில் ஹோட்டல் என்று ஒன்று கிடையாது. லண்டன் என்றால் பெரியம்மாவின் மகன் வீடு, கனடா என்றால் சித்தப்பா வீடு, சுவிஸில் இறங்கினால் யாரோ ஒரு அண்ணரின் மச்சாள் வீட்டு ஹோல். அந்த வீட்டில் ஏற்கெனவே இடமில்லாமல் ஐந்து பேர் முட்டுப்பட்டுக்கொண்டிருந்தாலும், ஆறாவதாக நாம் போய் மெத்தை விரித்துப் படுப்போம். அவர்களும் சந்தோஷமாக விடுவார்கள். யாராவது சொந்தக்காரர் இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் நின்றார்கள் என்று நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில் கேள்விப்பட்டால், அடுத்த கேள்வி, "ஏன், ஏதும் கோவமோ?" என்பதுதான்.

என் கூடப்பிறந்த தங்கச்சி பாரிஸில் இருக்கிறாள். அந்தப் பாரிஸில் எனக்கு ஹோட்டல் அறை வேண்டியிருந்தது. காரணத்தை அவளுக்குச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

காரணம் இதுதான். போன வருடம் எனக்குக் குடலில் பெரிய ஒப்பரேஷன் நடந்தது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு வாய் திறந்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கழிப்பறையில் போவது எனக்கு அந்தப் பைக்குள் வரும். இனி ஆயுளுக்கும் அப்படித்தான். முதல் தரம் அதைக் குனிந்து பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழும்பி உட்கார்ந்துவிட்டாள். ஒரு சிங்கள நேர்ஸ்தான், கொஞ்சமும் முகம் சுளிக்காமல், தன் பிள்ளைக்குச் சப்பாத்துக் கட்டப் பழக்குகிற மாதிரி எனக்கு அதை மாற்றப் பழக்கினாள். அவளை நினைக்காமல் நான் சாமி கும்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் மனுசன் பழகிக்கொண்டார். அறுபது வயதிலும் தேத்தண்ணீர் போடத் தெரியாதிருந்த மனுசன், இன்று அந்தப் பையை ஒட்டுவதற்கான வட்டத்தை என்னைவிட நேர்த்தியாக வெட்டுவார். நான் உயிரோடு இருக்கிறேன். அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால், எனக்கு அது நிறையவே இருக்கிறது.

தங்கச்சிக்கு நாங்கள் சொன்னது, "சின்ன ஒப்பரேஷன், கல்லு." வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வருத்தச் செய்தியை அப்படியே சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. தூரத்தில் இருந்து பதறுவார்கள், வேலைக்கு லீவு கிடைக்காது, வரவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிப்பார்கள். எல்லாம் முடிந்து எழும்பி நடந்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று விடுவது. நான் எழும்பி நடந்துவிட்டேன். ஆனால் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் கண்ணில் நான் எப்போதும் மடிப்புக் குலையாத சேலையோடு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிற அக்கா. அந்த அக்காவாகவே இருந்துவிட்டுப் போக ஆசைப்பட்டேன்.

அதே நேரம் அவளைப் பார்க்கவும் வேண்டும். வார்டில் கண்ணை மூடிக் கிடந்த நாட்களில் எனக்கு வந்த ஒரே நினைப்பு, இவளை இன்னொருக்கா நேரில் பார்க்காமல் போய்விடுவேனோ என்பதுதான். அவளும் "வாங்கோ வாங்கோ" என்று வருடக்கணக்காகக் கூப்பிடுகிறாள். அவள் வீடு பாரிஸுக்கு வெளியே, ஐந்தாம் மாடியில். நாலு பேருக்கு ஒரு கழிப்பறை. காலையில் வேலைக்கும் படிக்கக் கம்பஸுக்கும் ஓடுகிற சனம் அதன் வாசலில் வரிசையில் நிற்கும் என்று அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். என் பை மாற்றும் வேலை அவசரத்தில் நடக்கிற வேலை இல்லை. வாசனையும் இருக்கும். கதவை வெளியிலிருந்து ஒருத்தர் தட்டினால் பையைக் கோணலாக ஒட்டிவிடுவேன்.

ஆகவே ஹோட்டல். தங்கச்சிக்கு ஒரு பொய் சொன்னேன். "இது ஒரு பக்கேஜ். ஹோட்டலோட சேர்த்துத்தான் தாறாங்கள்."

எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டாள். பிறகு, "சரி அக்கா, உங்கட விருப்பம்" என்றாள்.

எங்கள் வீட்டில் "உங்கட விருப்பம்" என்றால் கதவை அடித்துச் சாத்துவதற்குச் சமம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனில் கதைக்கிற கதை சுருங்கிப் போனது. சாப்பிட்டீர்களா, மழையா, சரி வைக்கிறன்.

இந்தப் பக்கம் என் மனுசன் ஹோட்டல் தேடும் வேலையை, உத்தியோக காலத்தில் துறைமுகத்துக் கணக்குக் கந்தோரை நடத்திய அதே கண்டிப்போடு தொடங்கினார். பின்னேரத்தில் கடற்காற்று வரும் பல்கனியில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத சனம் எழுதிப்போட்ட குறை நிறைகளை எனக்கு வாசித்துக் காட்டுவார். ஒருத்திக்குத் தலையணை மெத்துமெத்தென்று இல்லையாம். ஒருவருக்கு யன்னலால் கோபுரம் தெரியவில்லையாம். "இவையளுக்கு வேற கவலை இல்லையே?" என்று நான் எரிந்துவிழுவேன். எனக்குக் கோபுரமும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். அறைக்குள்ளேயே பாத்ரூம், ஒழுங்காகப் பூட்டும் கதவு, சாமான் வைக்க ஒரு தட்டு, பை தொங்கவிட ஒரு கொழுவி, ஏறி இறங்க லிஃப்ட்.

பழைய ஊரில் அது லேசில் கிடைக்கிற காரியம் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. சரித்திரக் கட்டடம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். படியும் சரித்திரம்தான், சுழன்று சுழன்று போகும். சில இடத்தில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அது தொடங்குவது முதலாம் மாடியில். சில இடத்தில் குளிக்கிற இடம் அறைக்குள், கழிப்பறை நடைபாதைக் கடைசியில். படம் எடுக்கிறவன் கட்டிலையும் பூச்சாடியையும் எட்டுப் பக்கத்தால் எடுத்துவிட்டு, பாத்ரூமைக் கதவிடுக்கால் எட்டிப் பார்த்திருப்பான்.

கடைசியில் ஆற்றுக்குக் கிட்ட ஒரு சின்ன ஹோட்டல் பிடித்துப்போனது. என் மனுசன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். கந்தோர் இங்கிலீஷில், மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி என்று தொடங்கி, பாத்ரூமின் நிலவரம் பற்றி ஒரு பந்தி. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் பதில் வந்தது. வரவேற்பில் நிற்கிற பெண் தானே மேலே போய், கதவைத் திறந்துவைத்து, தட்டையும் கொழுவியையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு சொல் இல்லை. "அம்மாவுக்கு வேறு ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்" என்று மட்டும். முகம் தெரியாத அந்தப் பெண்ணை அன்று நான் மனதாரக் கும்பிட்டேன்.

விசா அலுவல் எல்லாம் காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு மாடியில் இருக்கிற ஒரு ஏஜென்சிக்காரர் பார்த்தார். அவர் மூலமாகத்தான் அறையையும் பதிந்திருந்தோம். விசா கிடைத்துப் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்றதும் நாங்கள் இருவரும் போனோம். ஏஜென்சிக்காரர் வாய் நிறையச் சிரிப்போடு பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"ஹோட்டலைப் பற்றி யோசிக்காதையுங்கோ அன்ரி. விசா குத்தின கையோடயே நான் அதைக் கான்சல் பண்ணிட்டன். ஒரு சதம் வெட்டேல்லை."

"என்னத்தைக் கான்சல் பண்ணினனீங்கள்?"

"ஹோட்டலை அன்ரி. எல்லாருக்கும் அப்பிடித்தானே செய்யிறது."

உண்மையில் அவர் எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறவர். எம்பஸியில் காட்ட ஒரு ஹோட்டல் பதிவு வேண்டும், அதைப் போடுவார். விசா வந்ததும் எடுத்துவிடுவார். வெள்ளவத்தையிலிருந்து போகிற எந்தத் தமிழ்ச் சனம் அங்கே போய் ஹோட்டலில் நிற்கப்போகிறது? நாங்கள் உண்மையாகவே நிற்கப்போகிறோம் என்பது அவருடைய கற்பனைக்கே எட்டவில்லை. நான் போட்ட சத்தத்தில் கீழே புடவைக் கடைக்காரரும் எட்டிப் பார்த்திருப்பார்.

"உங்கட தங்கச்சி பாரிஸிலதானே அன்ரி இருக்கிறா?" என்று ஏஜென்சிக்காரர் பாவமாகக் கேட்டார். அதைக் கேட்டதும் என் சத்தம் இன்னும் கூடியது.

"நீர் கத்தாதையும். நான் பாக்கிறன்" என்று என்னவர் என்னைக் கையில் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்.

அன்றே ஹோட்டலுக்கு எழுதினார். எங்கள் அறையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். கோடை தொடங்குகிற நேரம், வேறு நல்ல இடமும் இல்லை. மேல்மாடியில் மூன்று கட்டில் போட்ட குடும்ப அறை ஒன்றுதான் மிச்சம், இரண்டு நாளைக்கு உங்களுக்காகப் பிடித்துவைக்கிறேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். "மூண்டு கட்டிலை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?" என்று என்னவர் தலையைச் சொறிந்தார். எனக்கு அந்த நேரம் பயணமே வேண்டாம் என்று வந்துவிட்டது. போகாமல் விட்டால் தங்கச்சியைப் பார்க்க முடியாது. போய் அவள் வீட்டில் நின்றால் ஒளிக்க முடியாது. இரண்டில் ஒன்று.

மறுநாள் ஞாயிறு, வழக்கம்போலத் தங்கச்சி போன் எடுத்தாள். ஹோட்டல் இல்லாமல் போன கதை எப்படியோ என் வாயால் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவளுடைய குரல் துள்ளியது.

"நல்லதாப் போச்சு! கடவுள் செய்த வேலை அக்கா இது. பெடியளை ஹோலுக்க போட்டிட்டு உங்களுக்கு அவையின்ரை அறையைத் தாறன். நான் நாளைக்கே திரைச்சீலை மாத்துறன். அத்தானுக்கு என்ன மீன் விருப்பம்?"

மாதக்கணக்காக நான் கேட்காத குரல். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குடல், பை, கதவு, வரிசை, வாசனை எல்லாம்.

முதலில் அவள் என்னைப் பேசினாள். அப்படி ஒரு பேச்சு. "கல்லெண்டெல்லோ சொன்னனீங்கள்! உங்களுக்கு ஒண்டு நடந்திருந்தா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" பிறகு அழுதாள். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, நோகுதா, என்ன சாப்பிடலாம், எப்படிப் படுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். படுக்கிற கதையை மட்டும் நான் மழுப்பினேன். அது என்னவருக்கே முழுதாகத் தெரியாது. பை கசிந்துவிடுமோ என்ற பயத்தில், நான் என் சொந்தக் கட்டிலிலேயே அடியில் பழைய துவாயைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் ஒருச்சாய்த்துத்தான் கண்ணயர்வேன்.

கடைசியில் அவள் கேட்டாள். "அந்த மூண்டு கட்டில் அறை இன்னும் இருக்கோ?"

"இருக்கு."

"எடுக்கச் சொல்லுங்கோ. மூண்டாவது கட்டில் எனக்கு. நானும் லீவு போட்டிட்டு வாறன். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து நிண்டா ஆர் என்ன சொல்லுறது?"

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வெயில் காலை. அந்த வரவேற்புப் பெண் எங்களைக் கண்டதும் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். நான் தமிழில்தான் நன்றி சொன்னேன், வேறு பாஷை வாயில் வரவில்லை. நாங்கள் மேலே அறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் தங்கச்சி, சந்தைக்குப் போகிற தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டால் வந்து இறங்கினாள். தலை நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்க வந்தவள் சட்டென்று நின்று, "எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டாள். "இடப்பக்கம்" என்றேன். வலப்பக்கமாகச் சாய்ந்து கட்டிக்கொண்டாள். தள்ளுவண்டியிலிருந்து இடியப்பப் பெட்டியும் சம்பலும் மீன் குழம்பும் வெளியே வந்தன. என்னவர் பதறியடித்துக்கொண்டு யன்னல்களைத் திறந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் பாத்ரூமுக்குள் போனேன். கதவு நன்றாகப் பூட்டியது. யாரும் தட்டவில்லை. என் பாட்டில், ஆறுதலாக, செய்யவேண்டியதைச் செய்தேன். அந்த நிம்மதிக்கே நான் அவ்வளவு தூரம் வந்தது தகும்.

வெளியே வந்தபோது என் கட்டிலைக் காணவில்லை. கட்டில் இருந்தது, ஹோட்டல்காரர் விரித்திருந்த வெள்ளை விரிப்பைத்தான் காணவில்லை. அது மடித்துக் கதிரையில் கிடந்தது. கட்டிலில் அரக்குச் சிவப்பில் பூப்போட்ட, தோய்த்துத் தோய்த்து மெலிந்த ஒரு பெட்ஷீட்டைத் தங்கச்சி இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அடியில் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு கொஞ்சம் தெரிந்தது.

"என்னடி இது?"

அவள் நிமிரவில்லை. "நீங்கள் சொல்லாட்டி எனக்கு விளங்காதே? அந்த வெள்ளையில உங்களுக்கு நித்திரை வராது. இது என்ரை வீட்டுப் பெட்ஷீட். பழுதாப்போனா நான்தான் தோய்க்கிறது, ஹோட்டல்காரன் இல்லை." கடைசி மூலையையும் செருகிவிட்டுக் கையால் தடவினாள். "ஆரும் கேட்டா, அக்கா என்ரை வீட்டுப் படுக்கையிலதான் படுத்தவா எண்டு சொல்லுவன். படுங்கோ."

நல்ல பகல் நேரத்தில், ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, கட்டிலின் நடுவில் நிமிர்ந்து படுத்தேன்.